பொடி எழுத்துக் காகிதம்

ஏலத் தோட்டம், மேல் லயம்
4.9.2024

என் ஆத்தா சூர்யகலாவுக்கு,

அம்மா மாயக்காள் எழுதுவது. இங்கே மழை விடவில்லை, அட்டைக் கடி தாங்கவில்லை, மற்றபடி சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தேவி அத்தைக்குக் கூடமாட சோலி செய்கிறாயா? போன வாரம் ஜீப்பு பால்பாண்டி அண்ணன் வெறுங்கையோடு மேலே வந்தார். இங்கே போனுக்கு டவரும் எடுக்காது. உன் கடுதாசி வராத வாரம் எனக்குக் காய் எடுக்கக் கை ஓடமாட்டேன் என்கிறது.

உனக்கு வாசிக்கக் காகிதம் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். டீக்கடையில் வடை மடித்த பேப்பர் இரண்டு, எண்ணெயைத் துடைத்துவிட்டேன். கோயில் நோட்டீஸ் ஒன்று. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தோடு வந்த காகிதமும் இருக்கிறது. ஒரே பொடி எழுத்து. உன் கையெழுத்து பெரிசு, வாசித்துவிடுவேன். இது நாலாப்போடு நின்ற எனக்கு முடியாது. நீ வாசிப்பாய்.

"ஏலக்கா மட்டும் ஏம்மா மேல காய்க்காம தூருல காய்க்குது?" என்று கேட்டாயே, எனக்குத் தெரியவில்லை. தோட்டத்தில் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். "ஒம் மகளுக்கு வேற சோலி இல்லையாடி?" என்றாள் ஒச்சம்மாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. அப்பா போன இந்த ஏழு மாசத்தில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உன் அம்மா
மாயக்காள்


போடி
8.9.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். பரீட்சை இருந்ததால் எழுதவில்லை, கோபிக்காதே. ஏலக்காய் பற்றி டீச்சரிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள்.

மருந்துக் காகிதம் முழுவதையும் வாசித்துவிட்டேன். விரித்தால் பாய் மாதிரி இருக்கிறது. தமிழ் கடைசி மடிப்பில். "காலியான கலனைக் கழுவினாலும் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. உடைத்துப் புதைக்க வேண்டும்" என்று போட்டிருக்கிறது. கலன் என்றால் கேன்தானே அம்மா? கூடவே ஒரு படம். சாய்ந்த சதுரம், கீழ்ப்பாதி சிவப்பு. அப்பா தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கேனில் இதே படம் இருந்தது. சித்திரையில் நீ அத்தைக்குக் கொடுத்த கேனிலும் இருக்கிறது. நாங்கள் அதில்தான் குடிக்கிறோம்.

அத்தையிடம் சொன்னேன். "ரெண்டெழுத்து வாசிச்சதும் மகாராணிக்கு எங்க வீட்டுத் தண்ணி ஆகலையாக்கும்" என்றது.

அம்மா, அப்பாவுக்கு வயிறு வலித்தது அதனாலா?

அன்பு மகள்
சூர்யகலா


மேல் லயம்
9.9.2024

சூர்யகலா,

ஜீப்பு கிளம்பப் போகிறது, நின்றுகொண்டே எழுதுகிறேன். அந்தக் கேன் தண்ணீரை இனிமேல் தொடாதே. குடத்தில் மோந்து குடி. நான் சொன்னதாக அத்தையிடம் சொல். வயிறு வலிக்கிறதா, வாந்தி வருகிறதா, மறைக்காமல் எழுது.

அப்பாவைப் பற்றி இனிக் கேட்காதே. அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. இனி ஒரு காகிதமும் வராது. பாடப் புத்தகம் போதும்.

அம்மா


மேல் லயம்
19.9.2024

என் ஆத்தாளுக்கு,

மூன்று தடவை ஜீப்பு வந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தையே கேனை உடைத்துப்போட்டதாகப் பால்பாண்டி அண்ணன் சொன்னார். அப்போதுதான் உசுரு வந்தது. "பிள்ள நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. பேசத்தான் மாட்டேங்குது" என்று அடுத்துச் சொன்னார். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

நான் அப்படி எழுதியது தப்பு. உன் மேல் கோபமில்லை. நீ கேட்டது எனக்குப் பயமாகிவிட்டது.

அதே காகிதம் இன்னொன்று கிடைத்தது. கஞ்சி குடிக்கிற நேரமெல்லாம் எழுத்துக் கூட்டினேன். நான்கு நாளில் ஆறு வரி. நீ சொன்னது அப்படியே இருக்கிறது.

வருசா வருசம் காலிக் கேன் எடுத்து வந்தது நான்தான். புளியும் சாம்பலும் போட்டு ஏழு தடவை கழுவுவேன். வாடை போனால் மருந்தும் போனது என்று நினைத்தேன். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். தண்ணீர் நிறைத்து உன் அப்பா கையில் கொடுத்ததும் நான்தான். அவரும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வருசம் மருந்து அடித்தார். கேனால் போனாரா, அந்தக் காற்றால் போனாரா, எனக்குத் தெரியவில்லை. ஈரல் கெட்டுப்போனது என்றார் டாக்டர். குடிப்பழக்கமே இல்லாத மனுசனுக்கு எப்படி என்று நான் கேட்கவில்லை. நீயாக இருந்தால் கேட்டிருப்பாய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. நீ ரெண்டாப்பு படிக்கும்போது நான் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் குத்தவைத்து அதில் இருந்ததை எழுத்துக் கூட்டினாய். "வி... ஷ... ம். வெசமாம்மா?" என்றாய். "அது பூச்சிக்குத்தாண்டி, நமக்கில்ல" என்றேன். இன்னும் காகிதத்தைப் பார்த்துத்தான் எனக்கு எழுத வருகிற அந்த 'ஷ' என் மகளுக்கு வந்துவிட்டதே என்று, ஈரக் கையோடு உன்னைத் தூக்கி முத்தம் கொடுத்தேன். அப்பாவைக் கூப்பிட்டு, "இன்னொருக்கா சொல்லு ஆத்தா" என்று சொல்ல வைத்தேன். அவர் கைதட்டினார். உன்னைப் பெத்ததில் எனக்கு அதைவிடச் சந்தோசமான நாள் இல்லை. நீ வாசித்த அழகைத்தான் பார்த்தோம். என்ன வாசித்தாய் என்பதை இரண்டு பேருமே காதில் வாங்கவில்லை.

நேற்று லயத்தில் எல்லா வீட்டுக் கேனையும் வாங்கி அரிவாளால் குத்திப் புதைத்தோம். முதல் கேனைக் கொண்டுவந்து போட்டது ஒச்சம்மாள்தான். கங்காணி வந்து, "யாரு சொல்லி இந்த வேல பாக்குறீங்க?" என்று சத்தம் போட்டார். "எம் மக வாசிச்சுச் சொன்னா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கீழே வருகிறேன். அத்தைக்கு ஒரு சில்வர் குடம் கொண்டு வருகிறேன். நீ உன் காகிதத்தை எரித்திருப்பாய், அதனால் என்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன். ஆறு வரிக்குக் கீழே எனக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி வை, இங்கே குழாயடியில் ஒட்ட வேண்டும். என்னோடு பேச மனசு வராவிட்டாலும் பரவாயில்லை, வாசித்து மட்டும் காட்டு. மெதுவாக வாசி. இந்தத் தடவை கைதட்ட மாட்டேன். கேட்டுக்கொள்கிறேன்.

உன் அம்மா
மாயக்காள்