ஒன்றும் இல்லை என்று வந்த ரிசல்ட்

என் செல்லத் தம்பி ரகுவுக்கு,

"ரிசல்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தா, ஒண்ணும் இல்லன்னுதானேக்கா அர்த்தம்?" என்று கேட்டாய். டெக்ஸாஸில், கேட்டி என்ற ஊரில் உன் வீட்டுச் சமையலறை. மோர்சாதக் கிண்ணத்தைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு, போனை என் பக்கம் நீட்டினாய். முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். "வேற என்னடா அர்த்தம்?" என்றேன்.

அந்த விடைக்கு இப்போது நானே பூஜ்யம் போட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்பு 'அ' பிரிவின் வருகைப் பதிவேட்டைப் படித்துவிட்டு, பெயர் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே இல்லை என்று சொன்னால் எப்படி? அவன் 'ஆ' பிரிவில் உட்கார்ந்திருக்கலாம். நாம் அந்த அறைக்குள் போகவே இல்லை, ரகு.

எனக்கு உன் மேல் கோபம். செத்தவனிடம் கோபப்படக் கூடாது என்கிறார்கள். யாரிடம் படுவது பின்னே?

உனக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கொடுத்தவள் உன் மனைவி வசந்தி. அதை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடாமல் இருக்க, காலையும் மாலையும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள். இது நம் தமிழ் வட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்றோம். வசந்தி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றோம். அவள் மாடியறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். "கிட்னி மாத்தின வீடுன்னா பரம்பரை வியாதின்னு பேசுவாங்கடா. தாரணியை யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?" என்றேன். டெக்ஸாஸில் பிறந்து, படித்து, சொந்தமாகச் சம்பாதிக்கும் உன் மகளுக்காக, நம் ஊர் மண்ணச்சநல்லூரின் பயத்தை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தேன்.

நல்ல வரன் வந்தது. கொண்டுவந்தவர் நம் தமிழ் வட்டத்து டாக்டர். யார் வீட்டில் இருமல் என்றாலும் போனிலேயே மருந்து சொல்பவர். நிச்சயதார்த்தத்துக்கு நான்கு வாரம் இருக்கும்போது உனக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு வாரம் ஓமத் தண்ணீர். இன்னொரு வாரம் மாதுளம் தோல் கஷாயம். அப்புறம், ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்துக் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில் டாக்டரை ஓரமாகக் கூப்பிட்டாய்.

"வேற ஏதாவது மெடிசின் எடுக்கறீங்களா ரகு?"

"பிபி மாத்திரை மட்டும்தான் டாக்டர்."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் வடை இருந்தது என்று சாக்குச் சொல்ல மாட்டேன். அவர் என்ன செய்வார், பாவம்? ஆரோக்கியமான ஆளுக்கு எழுதும் மலப் பரிசோதனையை எழுதினார். அதில்தான் ஒன்றும் இல்லை என்று வந்தது.

வசந்தி மட்டும் சமாதானமாகவில்லை. "டிரான்ஸ்பிளான்ட் கிளினிக்குக்கு ஒரு கால் பண்ணிடலாம்ங்க, ப்ளீஸ்" என்று உன் பின்னாலேயே வந்தாள். "உடனே அட்மிட் பண்ணிடுவாங்க வசந்தி. ஃபங்ஷன் முடியட்டும்" என்றாய். நானும், "பொறும்மா, இன்னும் பத்து நாள்தானே" என்றேன். தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவள் பேச்சை நாம் இருவரும் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று உன் வேட்டிக்குப் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. "ரகு, என்ன டயட்டுப்பா இது? எங்களுக்கும் சொல்லேன்!" என்று ஒருவர் தோளில் தட்டினார். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. எனக்கு அதைக் கிழிக்கத் தோன்றுகிறது.

அதற்கு இரண்டாம் நாள் குளியலறையில் விழுந்தாய். மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டரம்மாவுக்கு உன் மருந்துப் பட்டியலைப் பார்த்ததும் முகம் மாறியது. எங்களுக்குப் புரிகிற மாதிரி பொறுமையாகச் சொன்னாள். சைட்டோமெகலோ என்று ஒரு வைரஸ். பெரும்பாலானோர் உடம்பில் சின்ன வயதிலேயே புகுந்து தூங்கிக்கொண்டிருக்குமாம். டீச்சர் இருக்கும்வரை கடைசி பெஞ்சில் அடங்கியிருக்கும் பையன் மாதிரி. எதிர்ப்புச் சக்தியை மாத்திரையால் வெளியே அனுப்பினால் எழுந்துகொள்ளும். சாதாரண மலப் பரிசோதனை அதைத் தேடுவதே இல்லை. சிலருக்கு ரத்தத்தில்கூடப் பிடிபடாது. உனக்கும் பிடிபடவில்லை. குழாய் விட்டு, குடலில் ஒரு துணுக்கு எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. மருந்து இருந்தது, ரகு. மருந்து இருக்கிற நோய். அது வேலை செய்வதற்குள் உன் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது.

"அத்தை, ஒய் டிட் நோபடி டெல் மீ?" என்று தாரணி கேட்டாள். அப்பாவுக்கு ஒரு மாதமாக வயிற்றுப்போக்கு என்பது அவளுக்குத் தெரியாது. 'உன் கல்யாணத்துக்காகத்தான் மறைத்தோம்' என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. சரிதான்.

இனி நீ அறியாத சேதி. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாப்பிள்ளையின் அம்மா சுகந்தி வந்தாள். எல்லாரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்களும் ஒண்ணு சொல்லல டீச்சர். மூட்டு வியாதிக்கு ஆறு வருஷமா ஊசி போட்டுக்கறேன். அதுவும் இம்யூனிட்டியைக் குறைக்கற மருந்துதான். சம்பந்தம் நின்னுடுமோன்னு பயந்துட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவர்களுக்குப் பயந்து நாம் மறைத்தோம். நமக்குப் பயந்து அவர்கள் மறைத்தார்கள். நடுவில் நீ போய்ச் சேர்ந்தாய்.

போன மாதம் சுகந்திக்கு ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. "வெளில சாப்பிட்டது ஒத்துக்கல, அவ்ளோதான் டீச்சர்" என்றாள். "அவ்ளோதானா? என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். எழுந்திரு!" என்று கத்தினேன். தாரணிதான் காரை ஓட்டினாள். ஊசியின் பெயர், எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை முறை, எல்லாம் தாளில் எழுதி மருத்துவமனை டாக்டர் கையில் கொடுத்தேன். முதல் ரிசல்ட்டில் ஒன்றும் இல்லை. "எதையெல்லாம் தேடலன்னு கேளு" என்றேன். தாரணி ஆங்கிலத்தில் கேட்டாள். தனியாக எழுதிக் கேட்டால் மட்டும் அந்த லேபில் தேடுகிற கிருமி ஒன்று இருந்தது. தேடினார்கள். கிரிப்டோஸ்போரிடியம். ஊசியை நிறுத்திவைத்து, மருந்து கொடுத்தார்கள். இப்போது சாம்பார் சாதம் சாப்பிடுகிறாள்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ரகு. ஆத்திரம்தான் வந்தது. ஒரு தாள், ஒரு கேள்வி. இவ்வளவுதானா உன் உயிர்?

கல்யாணம் தை மாதம். மேடையில் உன் நாற்காலி காலியாக இருக்கும்; ஏன் என்று கேட்பவர்களுக்கு மாரடைப்பு என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். மாற்றுச் சிறுநீரகம், வயிற்றுப்போக்கு, நாங்கள் சொன்ன பொய் என்று வரிசையாகச் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் வீட்டில் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர் இருந்தால், அந்த மருந்தின் பெயரை இப்போதே ஒரு தாளில் எழுதி அவர் பர்ஸில் வையுங்கள்.

உன் பேச்சுக்குத் தலையாட்டிய,
உன் அக்கா