கொக்குக் கார்ட்

12.01.1998, திங்கள்

மயில் இன்றும் பிந்திவிட்டது. சீனன்குடா விமானத்தளத்தில் தகரக் கொட்டிலுக்குள் இருந்து வெந்தோம். கவுண்டரில் நின்ற பெட்டை, "என்ஜின் பார்க்கினம் சேர்" என்றாள். போன கிழமையும் என்ஜினைத்தான் பார்த்தார்கள். "அதென்ன கலியாணப் பொம்பிளையோ, இப்பிடிப் பார்க்கிறதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த மனுசி சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

கந்தோர் முடிவாகச் சொல்லிவிட்டது. திங்கள்தோறும் கப்பல் பத்திரங்களோடு கொழும்புத் தலைமைக் கந்தோர், புதன் திரும்ப வேண்டும். றோட்டால் போக ஏலாது. ஹபரணைக் காட்டுக்குள் பஸ்ஸுக்குக் கண்ணிவெடி வைத்ததில் எங்கள் காசாளர் ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். ஆகவே பிளேன். கொம்பனி இரண்டு. வாலில் மயில் படம் கீறியது ஒன்று, கொக்கு கீறியது மற்றது. கொம்பனிப் பெயரைச் சொல்லி இங்கே ஒருவரும் கதைப்பதில்லை. இரண்டும் இப்போது நிரந்தரப் பயணிக்கென்று கார்ட் கொடுக்கின்றன. ஏதாவது ஒன்றோடு நின்றால்தான் புள்ளி சேரும்.

18.01.1998, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு கொம்பனியின் விளம்பரத் தாள்களையும் மேசையில் விரித்து வைத்துப் பார்த்தேன். மயிலில் புள்ளி கெதியாகச் சேரும், பொதியும் கூடக் கொண்டு போகலாம். ஆனால் வருடம் முடிய மிச்சப் புள்ளியும் முடிந்துவிடும். கொக்கில் புள்ளி ஆமை வேகம். ஆனால் சேர்ந்துவிட்டால் கூட ஒருவரை இலவசமாக ஏற்றலாம். கொக்கை நடத்துகிறவர்கள் இளைப்பாறிய விமானப்படை அதிகாரிகள். நேரத்துக்கு எழும்பும், நேரத்துக்கு இறங்கும்.

"கூட வர நீர் இருக்கிறீர்தானே?" என்று கமலேஸ்வரியைக் கேட்டேன்.

"சும்மா தந்தாலும் நான் ஏறன். மேல வெடிச்சா அள்ளவும் ஆள் வராது" என்றாள். இவளோடு பதினேழு வருடம் குடும்பம் நடத்திவிட்டேன்.

மயில்தான் சரியென்று படுகிறது.

26.01.1998, திங்கள்

மட்டிக்களிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், எல்லோரையும் இறக்கினார்கள். முன்னுக்கு நின்ற சைக்கிள்காரப் பெடியனின் அடையாள அட்டை மழையில் நனைந்து எழுத்துப் போயிருந்தது. ஆமிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே வாயில் அடித்தான். பெடியன் பல்லைக் கையில் துப்பி அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "என்ன பார்க்கிறாய்" என்று இன்னொரு அடி. நாங்கள் எல்லோரும் றோட்டுத் தாரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நானும்தான்.

அப்போது ஒருவர் வரிசையில் நிற்காமல் நேரே போனார். கொழும்புக்காரர், தடித்த ஆள். ஒரு கார்ட்டைக் காட்டினார். ஆமிக்காரன் அதில் இருந்த சின்னத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்று, "யன்ன சேர்", போங்கள் சேர், என்றான். ஹெல்மெட்டால் அடித்த அதே ஆள். தாண்டிப் போகும்போது பார்த்தேன், கொக்கு.

புள்ளியும் மண்ணும். நாளைக்கே கொக்கில் பதிகிறேன்.

09.02.1998, திங்கள்

கார்ட் வந்துவிட்டது. வெள்ளைப் பிளாஸ்ரிக், மேலே கொக்கு, கீழே இளைப்பாறிய அதிகாரி ஒருவரின் கையெழுத்து. படம்கூட இல்லை. மட்டிக்களியில் காட்டினேன். "யன்ன சேர்." சீனன்குடா வாசலில் காட்டினேன். பையைக்கூடத் திறக்கச் சொல்லவில்லை. வரிசையில் நின்ற சனம் என்னைப் பார்த்தது. நெஞ்சு நிமிர்ந்துதான் போனேன். ஏன் பொய் எழுதுவான்? நல்லாய்த்தான் இருந்தது.

கமலேஸ்வரி: "எங்கட நாய்க்கும் ஒண்டு எடுங்கோ. அதுவும் பாவம், சென்றியால திரியிறது."

19.02.1998, வியாழன்

மத்தியானம் நிக்கலஸ் என் மேசைக்கு வந்தான். இறங்குதுறையில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறவன், பாலையூற்றுப் பெடியன், போன வருடம்தான் றீற்றாவைக் கட்டினவன். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்:

"அண்ணை, கொக்கில போகாதையுங்கோ. பெடியள் சொல்லச் சொன்னவங்கள். அது ஆமியின்ர ஆக்களின்ர பிளேன்."

"மயிலுக்கு ஆர் எண்ணெய் அடிக்கிறது? பெடியளோ?"

சிரிக்கவில்லை. "நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன்" என்று போய்விட்டான்.

எந்தப் பிளேனில் போவதென்று இனி இயக்கப் பெடியள் காட்டுக்குள் இருந்து எனக்குச் சொல்வார்களாம். கிழமைக்குக் கிழமை போகிறவன் நான். எரிச்சலில் கையிலிருந்த பேனையை முறித்துவிட்டேன்.

05.03.1998, வியாழன்

கோதுமை மாக் கப்பலுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் ஒரு உடல் மிதந்தது. கை பின்னுக்குக் கட்டியிருந்தது. முகத்தை மீன் தின்றுவிட்டது. நேவி வந்து கொழுக்கி போட்டு இழுக்க, ஒரு கை கழன்று வந்தது. நிக்கலஸ் ஓரமாய்ப் போய்ச் சத்தி எடுத்தான். நான் கப்பல்காரருக்குத் தாமதக் கடிதம் எழுதினேன்: "தவிர்க்க முடியாத காரணத்தால்."

14.03.1998, சனி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

விடிய ஆமி எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வெயிலுக்குள் குந்தவைத்தார்கள். ஒரு ஜீப். அதற்குள் தலையாட்டி, ஆமிக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கிறவன். சாக்குப் பையைத் தலையில் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன் நிற்க வேண்டும். தலை அசைந்தால் முடிந்தது.

என் முறை வருமுன் அடையாள அட்டையை எடுக்கப் பேர்ஸைத் திறந்தேன். ஒரு லெப்டினன்ட் கொக்குக் கார்ட்டைக் கண்டுவிட்டான். "ஐயோ சேர், நீங்கள் ஏன் இதுக்குள்ள?" என்று இங்கிலீசில் கேட்டு, தோளில் கை போட்டுக் கூட்டிப் போனான். எனக்குக் கதிரை போட்டார்கள். ஜீப்புக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில், வரிசையைப் பார்த்தபடி. குடிக்கத் தண்ணீரும் தந்தார்கள்.

எழும்பிப் போயிருக்க வேண்டும். எழும்ப விட்டிருப்பார்களா? நான் எழும்பிப் பார்க்கவில்லை. தந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருந்தேன்.

எதிர் வீட்டுக் கனகம்மாவின் மகன் தவசீலன் வந்தான். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை செய்து அவள் தனியாக வளர்த்த பிள்ளை. வயரிங் வேலை பழகுகிறான். ஜீப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். சாக்கு அசைந்தது. துவக்குப் பிடியால் முகத்தில் அடித்து, விழுந்தவனை முதுகில் மிதித்து, காலில் பிடித்து இழுத்துப் போனார்கள். முகம் மண்ணில் தேய்ந்துகொண்டு போனது.

ஒழுங்கை முழுவதும் அதைப் பார்த்தது. கதிரையில் இருந்த என்னையும் பார்த்தது.

15.03.1998, ஞாயிறு

கனகம்மா வந்தா. நான் கேற்றைத் திறந்தேன். முகத்தில் துப்பினா.

"கதிரையில இருந்து காட்டிக் குடுத்துப்போட்டியே."

நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா, கடவுளாணை ஒன்றும் சொல்லவில்லை என்று பின்னால் போனேன். கதவை அடித்துச் சாத்திவிட்டா.

20.03.1998, வெள்ளி

காலையில் கேற்றில் செத்த நாயைக் கட்டியிருந்தார்கள். எங்கள் நாய்தான். கமலேஸ்வரி அவிழ்க்கப் போக, எங்கிருந்தோ கல் வந்தது. நெற்றி பிளந்து கண்ணெல்லாம் இரத்தம். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதும் அவள் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. ஏசினாலும் பரவாயில்லை.

அங்கிருந்து அப்படியே கந்தோருக்குப் போனேன். நிக்கலஸ் சொன்னான்: "நான் அப்பவே சொன்னனான் எல்லோ அண்ணை."

அடித்தேன். கன்னத்தில் அல்ல, வாயில். விழுந்தான். விழுந்தவனையும் அடித்தேன். சொண்டு கிழிந்து சேட் முழுக்க இரத்தம். என் கையிலும் அவனுடைய பல் வெட்டிய காயம். அவன் திருப்பி அடிக்கவில்லை. ஒருவரும் வந்து பிடிக்கவும் இல்லை. ஆமியின் ஆளைத் தொடப் பயம் போல.

22.03.1998, ஞாயிறு

கமலேஸ்வரியின் தையல் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு கனகம்மாவின் படலைக்கு முன்னால் போய் நின்றேன். "எல்லாரும் பாருங்கோ" என்று கத்தினேன். சனம் யன்னலால் பார்த்தது. கார்ட்டை நாலாக, எட்டாக வெட்டிக் கழிவுக் கானுக்குள் போட்டேன். கனகம்மா வெளியில் வந்து, நான் வெட்டி முடியுமட்டும் பார்த்துவிட்டு உள்ளே போனா.

நாளைக்கு மயில்.

23.03.1998, திங்கள்

மட்டிக்களியில் முழங்காலில் நிற்க வைத்தார்கள். "கார்ட் எங்கே?" என்று சிரித்தான், முன்பு சலூட் அடித்தவன். இடுப்பில் சப்பாத்துக் காலால் ஒரு உதை. பிளேனில் நிமிர்ந்து இருக்க ஏலவில்லை.

14.04.1998, செவ்வாய்

வருடப்பிறப்பு. ஒருவரும் வரவில்லை. நாங்களும் போகவில்லை.

24.04.1998, வெள்ளி

பின்னேரம் கனகம்மா படலைக்குள் வந்தா. நன்றாக மெலிந்துவிட்டா. கமலேஸ்வரி கதிரை போட்டாள். இருக்கவில்லை.

"தம்பி, அந்தக் கார்ட் இன்னும் கிடக்கோ?"

விளங்காமல் பார்த்தேன். மகன் கொழும்புப் பக்கம் ஒரு முகாமில் உயிரோடு இருக்கிறானாம். விடுபட்டு வந்த ஒருவன் கண்டிருக்கிறான். தலைகீழாகக் கட்டி, பெற்றோல் ஊற்றிய பொலித்தீன் பையை முகத்தில் கட்டினார்களாம். ஒரு காது கேளாதாம். முகாம் வாசல் வாசலாகப் போயும் இவவை ஒருவரும் உள்ளே விடவில்லை.

"அந்தக் கார்ட்டைக் காட்டினா விடுவாங்கள் எண்டு சொல்லினம்."

"அக்கா, நீங்கள் பார்க்கத்தானே வெட்டினனான்."

"வெட்டினதை ஒட்டேலாதோ?"

நான் அழுதேன். அவ அழவில்லை, பதிலுக்காக நின்றா.

27.04.1998, திங்கள்

கொழும்பு இரத்மலானை விமானத்தளத்தில் இறங்கி நேரே கொக்குக் கந்தோர். வீரக்கோன் மாத்தையாவைச் சந்திக்க விட்டார்கள். கார்ட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து பழகிய தமிழ். பால் விடாத பிளேன்டீ தந்தார்.

"புது கார்ட் தரலாம் மிஸ்டர் குணரத்தினம். பழைய புள்ளியும் போடலாம். நீங்கள் எங்கட ஆள்தானே."

தவசீலனைப் பற்றிச் சொன்னேன். ஒரு துண்டில் குறித்துக்கொண்டார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்:

"ஏன் எங்களை விட்டு மயிலுக்குப் போனீங்கள்? ஆரும் வெருட்டினதா?"

இல்லை என்றேன்.

"யோசிச்சுச் சொல்லுங்கோ. அவசரம் இல்லை. பெடியனும் அங்க இருக்கிறான்தானே."

30.04.1998, வியாழன்

காலையில் கனகம்மா படலையில். "ஏதும் சொன்னவரோ?" பின்னேரமும் வந்தா.

நிக்கலஸின் சொண்டில் தழும்பு விழுந்துவிட்டது. அந்த வாயால்தான் இன்று எனக்குக் குட்மோர்னிங் சொன்னான்.

04.05.1998, திங்கள்

சொல்லிவிட்டேன். நிக்கலஸ் என்று சொன்னேன். எந்தக் கந்தோர் என்றும் சொன்னேன்.

தவசீலனுக்காகத்தானே? அல்லது அவன் "அப்பவே சொன்னனான்" என்றதற்காகவா? செத்த நாய்க்காக? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாய்த் தெரியேல்லை. அவன் பெடியளிட்ட இருந்து சொல்லு கொண்டு வந்தவன்தானே, பொய்யில்லையே. ஒரு பிள்ளையைத் தலைகீழாய்க் கட்டி வைச்சிருக்கிறாங்கள், நான் வேற என்ன செய்ய?

பிளேன்டீயை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழும்பினேன்.

13.05.1998, புதன்

தவசீலனைக் கூட்டிவந்தேன். என் கார்ட்டில், கூட வருகிறவருக்குரிய இலவச சீற்றில். புள்ளி காணாதுதான், வீரக்கோன் போட்டுத் தந்தார். பெடியனுக்கு பெல்ற் பூட்ட விரல் மடங்கவில்லை. நகம் ஒன்றும் இல்லை. நான் பூட்டிவிட்டேன். பிளேன் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் தலையை மூடினான்.

கனகம்மா நடு ஒழுங்கையில் என் காலில் விழுந்தா. யன்னலால் பார்த்த சனம் எல்லாம் வெளியில் வந்தது. ஒருவர் என் பையை வாங்கினார். இன்னொருவர் கமலேஸ்வரியிடம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார். கமலேஸ்வரி மாதக் கணக்குக்குப் பிறகு இன்றுதான் சிரித்தாள். எனக்கும் சந்தோசமாக இருந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

14.05.1998, வியாழன்

நிக்கலஸ் வேலைக்கு வரவில்லை. நேற்றுக் காலை துறைமுக வாசலில் வெள்ளை வான் வந்து அவனை ஏற்றியதாம். இழுபட்டபோது இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டானாம். கையை மிதித்துத்தான் கழற்றினார்களாம். வாசல் காவல்காரன் எனக்குச் சொல்லிவிட்டு, தான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றான்.

அவனுடைய மூட்டைக் கணக்கை இன்று நான்தான் பார்த்தேன்.

17.05.1998, ஞாயிறு

பூசை முடிந்த கையோடு றீற்றா வந்தாள். வயிறு தள்ளியிருக்கிறது. எனக்குத் தெரியாது. கனகம்மாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தா.

"இவர் என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தந்தவர். கேள் பிள்ளை, பயப்பிடாமல் கேள்" என்றா.

றீற்றா கலியாணப் படத்தில் இருந்து நிக்கலஸை மட்டும் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். தோளில் அவளுடைய விரல்கள் ஒட்டியிருந்தன.

"அண்ணை, உங்களுக்கு அங்க ஆக்களைத் தெரியுமாம். இவருக்காகவும் ஒருக்காக் கேளுங்கோ. நீங்கள் அடிச்சதை அவர் மனசில வைக்கேல்லை. வேலை எடுத்துத் தந்தவர், கோவத்தில அடிச்சுப்போட்டார் எண்டுதான் சொன்னவர்."

கமலேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் படத்தை வாங்கி மேசையில் வைத்தேன். நாளைக்குப் போய்க் கேட்கிறேன் என்றேன். எப்படி அவ்வளவு நேராக அந்தக் குரல் வந்தது என்று தெரியவில்லை.

றீற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். புதன்கிழமை நிக்கலஸுக்கு மாற்றுடுப்புக் கொண்டு சீனன்குடாவுக்கே வந்து நிற்பாளாம்.

"எந்தப் பிளேனில வருவீங்கள் அண்ணை?"

கொக்கில் என்றேன்.