நான் கூட்டிய நூறு கிராம்

அக்கா,

இன்று காலை நான் வேலை பார்க்கும் பேக்கரிக்கு வந்த முட்டை அட்டையை மேசையில் வைத்தேன். கை தானாகவே ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைக்கத் தொடங்கிவிட்டது. பத்துப் பன்னிரண்டு முட்டை ஆன பிறகுதான் ஓனர் பார்த்தார். "ஏன் அம்மணி, அடை காக்கறயா? கோழி கூட இத்தனை பாசமாத் திருப்பாது" என்றார். மாவு பிசைகிற அண்ணன்மார் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. காரணத்தைச் சொல்வதென்றால் உங்களிடமிருந்துதான் தொடங்கவேண்டும். அதில் இரண்டு பேர் முன்னால் என்னால் சொல்லக்கூடியது எதுவும் இல்லை.

துடியலூர் வீட்டில் இரண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ் இருந்தும் முட்டையை நீங்கள் வெளியில்தான் வைத்தீர்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைப்பீர்கள். அப்படிச் செய்தால் மஞ்சள் கரு ஓட்டில் ஒட்டாது, ஒரு மாதம் தாங்கும் என்றீர்கள். படகில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பதினோரு வருடம் நீங்களும் உங்கள் வீட்டுக்காரர் சாரும் மலேசியா, தாய்லாந்துப் பக்கத் தீவுகளில் ஒரு பாய்மரப் படகிலேயே குடியிருந்தவர்கள் என்று அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை. அம்மா அந்த அப்பார்ட்மென்டைக் கூட்டிப் பெருக்குகிறவள். பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டில் இருந்த என்னை அவள்தான் உங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். உங்களுக்கு இதயம் பலவீனம், உடம்பில் நீர் கோக்கும், கூடவே ஒரு ஆள் இருக்கவேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் வாரம் முழுக்க நான் தலையை மட்டும் ஆட்டினேன். "ஏங்கண்ணு, வாய எங்காச்சும் வாடகைக்கு உட்டுட்டியா?" என்று கேட்டீர்கள். அம்மா என்று கூப்பிட்டதற்குத் திட்டினீர்கள். "அம்மாவாமா! அக்கான்னு கூப்புடு. எனக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது, அதுலயும் பதினோரு வருசம் கடல்ல போச்சு, அதக் கணக்குல சேக்கக் கூடாது."

நீங்கள் பேசப் பேச அந்தத் தீவுகள் எனக்குப் பழகிப்போயின. கோயம்புத்தூரைத் தாண்டி நான் போனது பழனிக்கு மட்டும். ஆனால் மழை வந்தால் படகின் பாயை எந்தப் பக்கம் சாய்த்துத் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு செம்புத் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று தெரியும். சந்தைக்குப் போனால் அட்டைப்பெட்டியைக் கரையிலேயே விட்டுவிட்டுத்தான் படகில் ஏறவேண்டும், அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை ஒளிந்திருக்கும். நீங்கள் படகின் முன்னால் நின்று, தண்ணீருக்கு அடியில் பவளப் பாறை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல, சார் பின்னால் நின்று சுக்கான் பிடிப்பார். ஒருநாள் பாறை கிட்டத்தில் வந்துவிட்டது. நீங்கள் கத்தியதை சார் நடித்தே காட்டினார். "'ஏனுங்க, பாறைங்க வருதுங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க'ங்கறா. இவ மரியாதையா முடிக்கறதுக்குள்ள அடியில கர்ருன்னு உரசிப்போட்டுது!"

"பின்ன, கட்டுன புருசன டேய்னா கூப்புட முடியும்?" என்றீர்கள்.

"பாறை கிட்ட வந்தா கூப்புடலாம்."

அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

உடம்பில் நீர் கோத்தால் முதலில் எடையில்தான் தெரியும் என்று, தினமும் காலையில் காப்பிக்கு முன்னால் உங்களை எடை பார்த்து எழுதும் வேலையை சார் எனக்குக் கொடுத்தார். அதற்கென்று புது நோட்டு வாங்கவில்லை. படகின் பதிவேட்டில் மிச்சமிருந்த பக்கங்களைத் தந்தார். முன் பக்கங்களில் காற்று எந்தத் திசை, எத்தனை மணிக்கு எந்தத் தீவு தெரிந்தது என்று உங்கள் கையெழுத்தும் அவர் கையெழுத்தும் மாறி மாறி இருந்தன. "படகுல ஒருத்தரு முழிச்சிருந்தா ஒருத்தரு தூங்குவோம் அம்மணி. முழிச்சிருக்கறவங்க எழுதி வெப்பாங்க. எந்திரிச்சு வாரவங்க அதப் படிச்சுட்டு அப்படியே நம்போணும், திருப்பிக் கேக்கக் கூடாது. கேக்க ஆரம்பிச்சா அப்பறம் ரெண்டு பேருமே தூங்க முடியாது" என்றார். பேனாவை என்னிடம் நீட்டினார். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் அழுதுவிடுகிற பெண் நான். நான் எழுதுவதை ஒருவர் அப்படியே நம்பப் போகிறார் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

படகு அங்கே ஒரு தீவுத் துறையில் கட்டிக் கிடந்தது. இன்னும் ஒருமுறை போய் அதில் பத்து நாள் இருந்துவிட்டு வரவேண்டும். வேறு எதுவும் உங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. சார்தான் பயந்தார். டாக்டர், "ரெண்டு வாரம் எடை ஏறாம இருக்கட்டும், போய்ட்டு வாங்க. ரெண்டு நாள்ல ஒரு கிலோ ஏறுனா உடனே கூப்புடுங்க, மாத்திரையக் கூட்டணும்" என்றார். சார் டிக்கெட் போட்டார். மூன்று டிக்கெட். "இந்த ஊமையையும் கூட்டிட்டுப் போலாங்க, கடலப் பாத்தாவது வாயத் தொறக்கட்டும்" என்று நீங்கள் சொன்னீர்களே. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் போட அம்மாவையும் என்னையும் நீங்களே கூட்டிப்போனீர்கள். போட்டோவில் சிரிக்கக் கூடாது என்று அந்த ஆள் சொன்னபோது, "இவளுக்கு அதச் சொல்லவே வேண்டியதில்ல" என்றீர்கள்.

எட்டு நாள் எடை அறுபது புள்ளி நான்கு கிலோவைத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாள் மெஷின் அறுபத்தொன்று புள்ளி எட்டு காட்டியது. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நேத்து ஊறுகா தின்னுபோட்டேன், அதான். நாளைக்கு எறங்கீரும். பழையதையே எழுது."

"சார் கேட்டா என்னங்கக்கா சொல்றது?"

"அவரு கேக்க மாட்டாரு கண்ணு. பதினோரு வருசத்துல ஒருக்காக் கூடக் கேட்டதில்ல."

அறுபது புள்ளி நான்கு என்று எழுதினேன்.

மறுநாள் அறுபத்திரண்டு புள்ளி மூன்று. கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி அப்படியே நின்றது. "டாக்டருக்குப் போன் பண்ணலாங்களா அக்கா?" என்றேன். நானாக உங்களிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். நீங்கள் கோபப்படவில்லை. ஜன்னலைக் காட்டினீர்கள். "அங்க பாரு. எதுத்த பில்டிங் தண்ணி டேங்கு. அதப் பாத்துக்கிட்டேதான் நான் சாகோணுமா?" அன்றும் பழைய எண்ணையே எழுதினேன்.

பதினோராம் நாள் அறுபத்து மூன்று புள்ளி ஒன்று. நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தீர்கள். நான் அறுபது புள்ளி ஐந்து என்று எழுதினேன். தொடர்ந்து ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும், கொஞ்சம் ஏறின மாதிரி இருந்தால்தான் நம்புவார்கள் என்று யோசித்து நூறு கிராம் கூட்டினேன். முதல் இரண்டு நாள் எண் நீங்கள் சொன்னது. அந்த நூறு கிராம் என்னுடையது.

உங்களுக்காகத்தான் எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுக்க உண்மை இல்லை அக்கா. எனக்கும் போகவேண்டும் என்றிருந்தது. படகின் முன்னால் நின்று பாறை பார்க்கவேண்டும் என்றிருந்தது. இனிமேல் என் வாழ்க்கையில் அப்படி ஒன்று வராது என்று எனக்கு அப்போதே தெரியும். டாக்டருக்குச் சொன்னால் டிக்கெட் போய்விடும் என்றுதான் வாயை மூடிக்கொண்டேன். எல்லோரும் அதைக் கூச்சம் என்பார்கள்.

பன்னிரண்டாம் நாள் எடை பார்க்கவே இல்லை. காப்பி டம்ளர் உங்கள் கையிலிருந்து நழுவியது. உதடு நீலமாகிவிட்டது. சார் காரை எடுத்தார், நான் பின்சீட்டில் உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் சார் பதிவேட்டை டாக்டர் முன்னால் விரித்து, "பாருங்க, அப்படியேதானுங்க இருக்குது. நூறு கிராம்தான் ஏறியிருக்குது" என்றார். டாக்டர் உங்கள் காலை அழுத்திப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "மெஷின் சரியா இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானத்துக்குள் நீங்கள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள், சார் எடை மெஷினை ஹாலுக்குக் கொண்டுவந்தார். பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி அதன் மேல் வைத்தார். இருபத்தைந்து என்று காட்டியது. இறக்கிவிட்டு மறுபடி வைத்தார். இருபத்தைந்து. மூன்றாம் முறையும் வைத்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து, கடைசி மூன்று வரிகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். இதோ கேட்கப் போகிறார், கேட்டவுடன் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. நோட்டை மூடிவிட்டு, "அரிசியக் கொண்டுபோய் உள்ள வெச்சுரு கண்ணு" என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் உங்கள் படகு வழக்கத்தை அவர் மீறவில்லை. அந்த மாதக் கடைசியில் நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். படகை விற்கச் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாராம். யாரும் போகாத அந்த மூன்று டிக்கெட்டுகளை என்ன செய்தார் என்று தெரியாது.

போன வாரம் சார் எங்கள் பேக்கரிக்கு வந்தார். நான் இங்கே இருப்பது தெரியாமல்தான் வந்திருப்பார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார்.

"நல்லாருக்கியா கண்ணு?"

அறுபத்தொன்று எட்டு, அறுபத்திரண்டு மூன்று, அறுபத்து மூன்று ஒன்று. மூன்று எண்ணும் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. பின்னால் இன்னொருவர் பில்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"நல்லாருக்கேனுங்க சார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். தலையாட்டினார். ரொட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா.