பச்சைக் கோட்டு, நான்கே கால் மணி

டப்ளின்,
நவம்பர் 14, வியாழன்.

அன்பு மகள் நுவாலாவுக்கு, அம்மா எழுதுவது.

முழங்கால் ஒன்றைத் தவிர எனக்கு இங்கே குறை எதுவும் இல்லை, அதையும் மழை ஓய்ந்தால் மறந்துவிடுவேன். நீயும் மாப்பிள்ளை டெக்லனும் பிள்ளையும் பெர்த் வெயிலில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். பிள்ளை அனுப்பிய பிறந்தநாள் அட்டை வந்து சேர்ந்தது. எண்பத்திரண்டு என்று வயதைச் சரியாகப் போட்டிருக்கிறான், ஆனால் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது, கோடு போட்ட தாளை அடியில் வைத்து எழுதச் சொல். மாதக் கடைசியில் தேர்தல் என்பதால் நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடி ஓடுகிறது. ஆளுங்கட்சிக்காரர் வந்து கதவைத் தட்டினார், இத்தனை ஆயிரம் போலீஸ் புதிதாக எடுப்போம் என்றார், எங்கள் கட்டடத்துக்கு அதில் எத்தனை பேர் என்று கேட்டேன், கேட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார். மறுநாள் எதிர்க்கட்சிப் பெண் வந்தாள், போதைப் பழக்கத்தைக் குற்றமாகப் பார்க்காமல் நோயாகப் பார்க்கவேண்டும் என்றாள், படிக்கட்டில் நின்று விற்கிறவனுக்கு என்ன நோய் என்று கேட்டேன், நல்ல கேள்வி என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். தாளில் மூன்று எழுத்துப் பிழை. இருவரையும் கால் துடைத்த பிறகே உள்ளே விட்டேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை, அதை உன்னிடம் மறைத்துப் பயனில்லை. செப்டம்பரில் மூன்றாம் கட்டடத்து வாசலில் ஒருவனைச் சுட்டார்கள், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்த நேரம், அவன் பிழைத்துக்கொண்டான், அதற்குப் பழி தீர்க்க யாராவது வருவார்கள் என்று எல்லோரும் காத்திருக்கிறோம். முன்பு ஹெராயின், இப்போது கொக்கெய்ன், அதுதான் வித்தியாசம். வாங்குகிறவர்கள் நல்ல கார்களில் வருகிறார்கள். கறுப்புத் துணியால் முகத்தை மூடிய பையன்கள் மின்சார ஸ்கூட்டரில் படிக்கட்டு வரைக்கும் வந்து போகிறார்கள். அவர்களில் பலர் முப்பத்தொன்றாம் எண் வீட்டுக்குப் போய்வருகிறார்கள் என்று பேச்சு. அங்கே ஷரோன் மூனி என்ற பெண் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள், நீ போன பிறகு குடிவந்தவள், உனக்குத் தெரியாது.

போன வாரம் கீத் பிரோஃபி என்னைப் பார்க்க வந்தான். டாட் பிரோஃபியின் மகன், நீ போகும்போது தள்ளுவண்டியில் இருந்தவன், இப்போது குடியிருப்போர் குழுவுக்குத் தலைவன். செவ்வாய்க்கிழமை கோயில் பங்கு மண்டபத்தில் கூட்டம், அந்த இரண்டு வேட்பாளர்களும் மேடையில் உட்காருவார்கள், கூட்டம் முடிந்ததும் எல்லோரும் நேரே முப்பத்தொன்றுக்கு ஊர்வலமாகப் போவோம், அவள் காலி பண்ணும்வரை தினமும் போவோம் என்றான். "தொண்ணூத்தாறுல நீங்களும் எங்கம்மாவும் செஞ்சததான் மிசஸ் லாலர் நாங்க இப்பச் செய்யப்போறோம். நீங்க மேடைல உக்காந்தா போதும். அந்த நோட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த வயதில் மேடைக்கு யாரும் நம்மைக் கூப்பிடுவதில்லை.

நோட்டு உன் அப்பாவின் தாள்களோடு பிஸ்கட் டின்னில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்து முதலிலிருந்து படித்தேன். மை மங்கவில்லை. மற்றவர்கள் பால்கனியில் நின்று பார்த்ததைச் சொல்வார்கள், நான் எழுதுவேன், என் எழுத்து தெளிவாக இருக்கும் என்பதால். எந்த வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் இருந்தார்கள். ஹெராயின் விற்கிறார்கள் என்று நாங்கள் சந்தேகப்பட்ட எட்டு வீடுகள். ஏழு வீடுகளைப் பற்றி எழுதியது சரி, அதில் ஐந்து பேர் பிறகு சிறைக்கே போனார்கள். எட்டாவது பதினான்காம் எண், பெர்னி டொலனின் வீடு. அந்தப் பக்கத்தில் இருப்பதெல்லாம் நான் என் சமையலறை ஜன்னலிலிருந்து என் கண்ணாலேயே பார்த்தது.

நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஒருமுறைகூட வாயால் சொன்னதில்லை. மூன்று நாள் மாலையில் நாற்பது பேர் பெர்னி வீட்டு வாசலில் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே போ என்று கத்தினோம், நானும் கத்தினேன். நான்காம் நாள் நிலக்கரிக்காரனின் வேனில் சாமான் ஏற்றினார்கள். பெர்னியின் மகன் ஃபின்டனைப் போர்வையில் சுற்றித் தூக்கி வந்தார்கள், பாருங்கள் எப்படிப் போதையில் கிடக்கிறான் என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள், நான் மறுக்கவில்லை. பதினொரு வாரத்தில் அவன் எய்ட்ஸால் செத்துப்போனான் என்று தெரிந்தது. இருபத்துமூன்று வயது. ஹெராயின் ஊசியால் வந்தது, ஆனால் அதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது, அந்த வீட்டில் யாரும் எதையும் விற்கவில்லை. அவன் ஆன்மாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த அட்டையை நான் அனுப்பினேன், பெர்னி அதே உறையில் திருப்பி அனுப்பிவிட்டாள். ஊர்வலத்துக்கு முதல்நாள் நீ சமையலறையில் நின்று, "அம்மா, அந்த வீட்ல ஒண்ணும் நடக்கலம்மா, நா சொல்றேன்ல" என்றாய். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. நோட்டில் இருக்கிறது என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, மறு வருடம் நீ விமானம் ஏறினாய், இருபத்தேழு வருடமாக நாம் தொலைபேசியில் வானிலையைப் பற்றிப் பேசுகிறோம்.

அந்த நோட்டோடு மேடையில் உட்காருவதானால் அந்தப் பக்கத்தையும் சரிபார்த்துவிட்டுத்தான் உட்காரவேண்டும் என்று தோன்றியது. தப்பைக் கிழித்துப் போடக்கூடாது, பக்கத்தில் சிவப்பு மையில் திருத்தவேண்டும் என்பது கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர் பெனடிக்ட் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி, பெர்னி இப்போது இருக்கும் டாலாவுக்குப் போனேன். பெர்னிதான் கதவைத் திறந்தாள். ஒல்லியாகிவிட்டாள், முடி முழுக்க வெள்ளை. என்னை மேலும் கீழும் பார்த்து, "வாங்க மிசஸ் லாலர். இருபத்தெட்டு வருஷம். பஸ் லேட்டா?" என்றாள். நான் நோட்டை நீட்டி, வந்த காரணத்தைச் சொன்னேன். தேநீர் போட்டாள், ரொட்டியில் ஹாம் வைத்துக் கொடுத்தாள், வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போடுகிற வழக்கம் தன் குடும்பத்தில் இல்லை என்று சொல்லியே கொடுத்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள்.

திங்கள், மூன்று ஐம்பது, இரண்டு பையன்கள், உள்ளே போகும்போது வெறும் கை, வெளியே வரும்போது பெரிய பை. "அது அவன் கூட கால்பந்து ஆடின பசங்க. பைல படுக்கை விரிப்பு. என்ன நோயோன்னு பயந்து எங்க துணிய லாண்டரில தொடமாட்டேன்னுட்டாங்க, அந்தப் பசங்கள்ல ஒருத்தனோட அம்மா வீட்ல போட்டுத் துவைச்சுக் குடுத்தா." தினமும் மதியம் ஒரு மணி, மீசை வைத்த ஆள், ஐந்து நிமிடம், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போகிறான். பெர்னி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள், நல்ல சிரிப்பு இல்லை. "அது ஆஸ்பத்திரிச் சாமியார் ஃபாதர் கோனராய், நற்கருணை அப்பம் கொண்டுவருவாரு. அந்த வெள்ளக் காலரக் கழட்டிட்டு வாங்க, அக்கம்பக்கம் எதுக்குன்னு கேக்கும்னு நாந்தான் சொன்னேன். கான்வென்ட்ல படிச்ச பொம்பள, சாமியார வியாபாரின்னு எழுதி வெச்சிருக்கீங்க." தேநீரைக் குடித்தேன்.

அதற்கு அடுத்த வரி. வெள்ளி, நான்கே கால் மணி, பெண், பச்சைக் கோட்டு, தலையில் முக்காடு, முகம் தெரியவில்லை, இருபது நிமிடம். ஆறு வெள்ளிக்கிழமைகள் அதே போல எழுதியிருந்தேன், கடைசி வாரம் அடிக்கோடும் போட்டிருந்தேன். பெர்னி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். அதுவரை நீங்கள் என்று பேசியவள், "இத நீதான் எழுதினியா கன்செப்டா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அந்தக் கோட்ட யாரு வாங்கிக் குடுத்தா?" என்றாள்.

நுவாலா, ஜனவரித் தள்ளுபடியில் நான்தான் வாங்கினேன், முக்காடு வைத்ததுதான் வேண்டும் என்று நீ கேட்டாய். வெள்ளிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி என்று சொன்னாய், நான் நம்பினேன். ஃபின்டனுக்குக் கடைசியில் கண் பார்வை போய்விட்டது என்றும், நீ போய்ச் செய்தித்தாள் படித்துக் காட்டுவாய் என்றும், விளையாட்டுச் செய்தி முதலில் வேண்டும் என்பதால் பின்பக்கத்திலிருந்தே தொடங்குவாய் என்றும் பெர்னி சொன்னாள். அவன் நோயைப் பற்றி யாரிடமும் சொல்லாதே என்று அவள்தான் உன்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நீ அன்று சமையலறையில் பதில் சொல்லாமல் நின்றது அதனால்தான் என்று இப்போது தெரிகிறது. நான் பெர்னியிடம் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன், அவள் கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள். "அதெல்லாம் எங்கிட்ட வேணாம். என் புள்ள வரப்போறானா? அந்த மேடைல உக்காந்து இந்தப் பக்கத்தப் படி. நா சொன்னதயும் சேத்துப் படி. பாதில நிறுத்தின, மறுபடி இங்க வராத."

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. ஆளுங்கட்சிக்காரர் போலீஸ் எண்ணிக்கையைச் சொன்னார், எதிர்க்கட்சிப் பெண் நோய் என்றாள், பின்வரிசையிலிருந்து ஒருவன், "ரெண்டு பேரும் எங்க படிக்கட்டுல ஒரு வாரம் குடியிருந்து பாருங்க, வாடகை வேணாம்" என்றான், எல்லோரும் கைதட்டினார்கள். கீத் என்னை எழுப்பி, இவர் கையில் இருக்கும் நோட்டால்தான் ஒரு காலத்தில் இந்தக் குடியிருப்பு பிழைத்தது என்றான். மைக்கைப் பிடித்துப் பேசச் சொன்னார்கள், முப்பது வருடம் தையல் ஆலை இரைச்சலுக்கு மேலே பேசியவளுக்கு அது வேண்டாம் என்றேன். பதினான்காம் எண் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன், ஒவ்வொன்றுக்கும் கீழே அது உண்மையில் யார் என்பதையும் படித்தேன். பாதிரியார் வந்த இடத்தில் சிலர் சிரித்தார்கள், நான் நிறுத்திக் காத்திருந்தேன், அடங்கிவிட்டார்கள். பச்சைக் கோட்டு வரியைத் தொடங்கி, நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து படித்தேன். நுவாலா லாலர், என் மகள், வயது பதினேழு என்றேன்.

ஒருவன் எழுந்து, "அப்ப ஷரோன் மூனி புனிதவதியா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உனக்கும் தெரியாது, தெரிந்திருந்தால் போலீசிடம் போய்ச் சொல் என்றேன். முன்வரிசையில் ஒரு பெண், "போலீஸ்ல சொன்னா என் ஜன்னலுக்கு யாரு காவல், நீங்க வருவீங்களா?" என்றாள். அது நியாயமான கேள்வி. அதனால் மேடையில் இருந்த இருவரையும் பார்த்து, அவளுக்கு நீங்கள் சொல்லுங்கள், இந்த ஊர்வலம் போகலாமா கூடாதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றேன். ஒருவர் சட்டத்தை மதிக்கவேண்டும் என்றார். மற்றவள் மக்கள் கோபம் புரிகிறது என்றாள். போகாதீர்கள் என்று இருவர் வாயிலும் வரவில்லை. கடைசியில் கீத்தின் அம்மா டாட் பிரோஃபிதான் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தாள், தொண்ணூற்றாறில் எனக்குப் பக்கத்தில் நின்றவள். "டேய் கீத், என் கோட்ட எடு. வீட்டுக்குப் போலாம்" என்றாள். கீத்துக்கு முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் கோட்டை எடுத்தான். பெரும்பாலானவர்கள் அவர்கள் பின்னாலேயே போனார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் முப்பத்தொன்றுக்குப் போய் மழையில் அரைமணி நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

நேற்று ஷரோன் மூனியை லிஃப்டில் பார்த்தேன். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன் என்றால் பொய்யில்லை. "உங்கள யாரும் கேக்கல" என்றாள், கதவு திறந்ததும் போய்விட்டாள். ஸ்கூட்டர்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த வீட்டில் நடப்பது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் அவள் பிள்ளைகள் மூன்றும் இன்று காலை பள்ளிக்குப் போவதைப் பார்த்தேன். நேரத்தை எழுதவில்லை.

உன் பெயரை உன்னைக் கேட்காமல் மண்டபத்தில் சொல்லிவிட்டேன், அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கும் கேட்கிறேன். நீ சொன்னது சரி, நான் எழுதியது தப்பு. நோட்டிலிருந்து அந்தத் தாளைப் பிரித்து இதோடு வைத்திருக்கிறேன், ஓரத்தில் சிவப்பு மையில் எல்லாத் திருத்தங்களும் இருக்கின்றன, நீ ஒருமுறை சரிபார், விட்டுப்போனது இருந்தால் எழுது. இந்த நவம்பரில் பலிபீடத்தில் வைக்கும் இறந்தோர் பெயர்த்தாளில் உன் அப்பாவுக்குக் கீழே ஃபின்டன் டொலன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெர்னியிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

இறைவனும் அன்னை மரியாவும் உங்கள் மூவரையும் காக்கட்டும். பிள்ளையைத் தொப்பி இல்லாமல் வெளியே விடாதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது இங்கே மழையா என்று கேட்கவேண்டாம், மழைதான். பெர்னியின் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அவளையும் கூப்பிடு. நீ இப்போதும் செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்துதான் படிக்கிறாயா என்று அவள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

உன் அம்மா,
கன்செப்டா லாலர்