மூன்றாம் வரிசையில் காலிக் கட்டம்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் வீட்டில் இருப்பது மூன்று பேர், அதில் இரண்டு பேர்தான் சுகம், அதனால் அந்த வரியை எழுதக் கை வரவில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் குரலை உயர்த்துவேன், நீ அழுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு இன்று என்ன சமைத்தாய் என்று கேட்க ஆரம்பித்துவிடுவாள், விஷயம் அதோடு போய்விடும். கடிதத்தை யாரும் பாதியில் பிடுங்க முடியாது என்பதால், வீட்டு முன்பக்கத் தையல் கடையில் வெட்டுமேசை மேல் கிடந்த துணியை ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன்.

உன் தம்பி இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. காய்ச்சல் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். அவனுக்கு இடது இடுப்பு எலும்பின் மேல் புண், என் உள்ளங்கை அளவு. சக்கர நாற்காலியில் சரிந்துவிடாமல் இருக்க அவனுக்கு ஒரு பெல்ட் போடுவார்களே, அதன் பக்கிள் சரியாக அந்த இடத்தில்தான் உட்காருகிறது. நாம் இன்னும் பொடியன் பொடியன் என்றே கூப்பிடுகிறோம், அவனுக்குப் பதினான்கு முடிந்துவிட்டது, கால் கட்டிலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, ஒரே வருஷத்தில் இடுப்பு இரண்டரை அங்குலம் கூடியிருக்கிறது, பெல்ட் மட்டும் போன வருஷத்துத் துளையிலேயே நிற்கிறது. தினமும் குளிப்பாட்டுகிறவன் நான். சிவந்திருந்ததைப் பார்த்தேன், வேர்க்குரு என்று நினைத்துப் பவுடர் போட்டேன். முப்பது வருஷமாக அடுத்தவர் இடுப்பை அளந்து வயிறு வளர்க்கிறவன், பெற்ற பிள்ளையின் பெல்ட்டுக்குள் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்கவில்லை. டாக்டர் திட்டினார், அவர் திட்டியது போதாது. இன்னும் ஒரு மாதம் ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டுமாம்.

கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மா இல்லை, டீச்சர் இல்லை, பள்ளி வேன் ஓட்டுகிறவர். எப்போதும் சிடுசிடு என்று இருப்பாரே, அவர்தான். ஒரு சாயங்காலம் நாற்காலியை இறக்கிவிட்டு, அண்ணே, பெல்ட்டை மாட்டினா உங்க பையன் அந்தப் பலகையில ஒரே இடத்தைத் தட்டுறான், அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் கட்டம், பெல்ட்டைக் கழட்டினா நிறுத்திடறான், என்னன்னு பாருங்க என்றார். வாய் பேச வராத அவனுக்கு நீ அனுப்பிய பேசும் பலகையைத்தான் சொன்னார். மடியில் வாங்கிப் பார்த்தேன். மற்ற கட்டங்களில் எல்லாம் படம் இருக்கிறது, தொட்டால் உன் குரல் வருகிறது. மூன்றாம் வரிசையில் கடைசிக் கட்டம் மட்டும் காலி. அங்கேதான் கண்ணாடி முழுக்க விரல் அழுக்கு. அதில் முன்பு வேண்டாம் என்ற சொல் இருந்தது, நீதான் வைத்தாய்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். டீச்சர் நல்ல மாதிரிதான் பேசினார். சார், அவன் ஒரு நாளைக்கு நாப்பது தடவை வேண்டாம் வேண்டாம்னு தட்டிக்கிட்டே இருந்தான், மத்த பிள்ளைங்க சிரிக்கிறாங்க, பாடமே நடத்த முடியல, அதான் உங்க பொண்ணுக்கு ஒரு மெயில் போட்டேன், அங்கிருந்தே அஞ்சு நிமிஷத்துல எடுத்துக் கொடுத்துட்டாங்க, ரொம்ப ஒத்துழைப்பான பொண்ணு என்றார். மகளைப் பாராட்டினால் பெற்றவனுக்கு மனசு குளிர வேண்டும். எனக்குக் குளிரவில்லை. மூன்று மாதமாகக் காலிக் கட்டத்தை அவன் தட்டுவதை ஒரு கெட்ட பழக்கம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள், தட்டாமல் இருந்த நாளுக்கு ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திர அட்டையைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, வந்தவர் போனவரிடம் எல்லாம் பையன் நல்லா அடங்கிட்டான் என்று பெருமை பேசினவன் நான்தான்.

நான் செய்தது அது. நீ செய்ததற்கு வருகிறேன். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? பலகையைத் திறக்கும் ரகசிய எண்ணை உங்ககிட்ட கொடுத்தா எதையாவது அழுத்திக் கெடுத்துடுவீங்கப்பா என்று நீயே வைத்துக்கொண்டாய், படித்த பிள்ளை சொல்கிறாள் என்று நானும் தலையாட்டினேன். இப்போது கெடுத்தது யார்? அவனுடைய மொத்தப் பேச்சே நாற்பது சொல். நன்றி அப்படியே இருக்கிறது, மன்னிச்சுக்கோங்க இருக்கிறது, குட் மார்னிங் டீச்சர்கூட இருக்கிறது. யாருக்கோ இடைஞ்சலாக இருந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டாய். உன் வாயிலிருந்து ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி உன் ஆபீசில் மெயில் போட்டால் சும்மா இருப்பாயா? இன்னொன்றும் சொல்கிறேன், இதை உன் மேல் மட்டும் போட மாட்டேன். நீ லீவில் வந்திருந்தபோது நாம் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துதான் சொற்களுக்குப் பட்டியல் போட்டோம். வலிக்குது என்று ஒரு சொல் வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை, புதுக் கண்ணாடி போட்டிருக்கிறாள், அதை மாட்டிக்கொண்டுதான் இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கிறாள். பொண்ணு மனசு நோகும், அடிச்சுட்டு எழுதுங்க என்கிறாள். நோகட்டும். சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, தைக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு இடுப்புப் பட்டியும் அவன் ஞாபகத்தைக் கொண்டுவருகிறது. புது பெல்ட் நானே தைத்துவிட்டேன், உள்பக்கம் பஞ்சு வைத்து, பக்கிளை முன்னால் கொண்டுவந்து. புண் ஆறினதும் அதைப் போட்டுத்தான் அனுப்புவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது பொடியன் தூங்குகிறான் என்று அம்மா சொன்னாள். அதுவும் பொய். விழித்துக்கொண்டுதான் இருந்தான். அக்காகிட்ட பேசுறியாடா என்று போனை அவன் பக்கம் நீட்டினேன். போனைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், மூன்றாம் வரிசைக் காலிக் கட்டத்தில் விரலை வைத்தான். தெரியாமல் பட்டிருக்கும் என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அங்கேயே வைத்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழித்து வேலை பார்க்காதே, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும், கோபத்தில் எழுதினாலும் அந்த ஆசியில் குறை வைக்கவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ரகசிய எண்ணை எங்களுக்கு அனுப்பு, வலிக்குது என்று ஒரு சொல் சேர், வேண்டாம் என்பதை இருந்த இடத்திலேயே திரும்ப வை. மறக்காமல் உன் குரலிலேயே வை. உன்னை வேண்டாம் என்று சொல்வதற்கும் அவனுக்கு உன் குரலை விட்டால் வேறு குரல் இல்லை.

இப்படிக்கு,
உன் அப்பா