எல்லாம் ஒரே பக்கம்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் என் மகள் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுது தொலைப்பேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை முடிந்தது, இந்த மாதமே வந்து குட்டியை அழைத்துக்கொள்கிறேன் என்று குதித்தேன் அல்லவா? முடியவில்லை அக்கா. அவசரக்குடுக்கை என்று அம்மா என்னைச் சும்மா சொல்லவில்லை.

மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து நீட்டினால் அதிலுள்ள சாய மூலக்கூறுகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்புமா என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி. மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றும் இருட்டில் ஒரு புள்ளி. அதிலிருந்து வரும் ஒளியை அளந்து, அது எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று கணக்கிடுவோம். பார்த்தால், அத்தனையும் ஒரே பக்கம்! ஆய்வுக்கூடத்துக்கே கேக் வாங்கிக் கொடுத்தேன்.

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க, இழுக்காத தாளை வைத்தேன். அதிலும் ஒரே பக்கம். கருவியைத் திறந்து பார்த்தேன். நாங்கள் அனுப்பும் ஒளி அதிரும் திசையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சுழற்றும் வளையத்தைத் துடைக்க அதன் திருகை இறுக்கிய நான், பிறகு தளர்த்த மறந்திருக்கிறேன். ஒளி ஒரே திசையில் அதிர்ந்ததால் அதற்கு ஒத்துப் படுத்தவை மட்டும் மின்னின. குறுக்கே கிடந்தவை கண்ணிலேயே படவில்லை.

வாயை மூடிக்கொண்டு ஊருக்கு ஓடி வந்துவிடலாமா என்று நினைத்தேன். உன்னிடம் மறைப்பானேன், நிஜமாகவே நினைத்தேன். குட்டியைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ஆனாலும் மனசு கேட்கவில்லை, பேராசிரியரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவரோ, தின்ற கேக்கைத் திருப்பித் தர முடியாது, வேலையைத் திருப்பிச் செய் என்றார்.

செய்கிறேன். இப்போது இருட்டாக இருந்த இடத்திலெல்லாம் புள்ளிகள். பெரும்பாலானவை இழுத்த பக்கமே திரும்பியிருக்கின்றன, சில மட்டும் அத்தான் மாதிரி பிடிவாதமாகக் குறுக்கே கிடக்கின்றன. வேலை தேறிவிடும். ஆனால் இன்னும் சில மாதமாகும்.

அதனால் விடுமுறைக்கு நீயே அவளைக் கூட்டிக்கொண்டு வா. அறை சின்னதுதான், ஜன்னலோரம் அவளுக்கு ஒரு கட்டில் போட்டிருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். போன தடவை பேசும்போது அவள் உன்னை அம்மா என்று கூப்பிட்டது எனக்குக் கேட்டது. நீ சட்டென்று அவள் வாயைப் பொத்தியதும் தெரிந்தது. பொத்தாதே அக்கா, கூப்பிடட்டும். இங்கே நான் கதவைத் திறக்கும்போது, என்னை என்னவென்று கூப்பிட வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காதே. அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ, அப்போது கூப்பிடட்டும். நான் காத்திருப்பேன்.

சீக்கிரம் வாருங்கள்.

உன் பிரியமுள்ள
தங்கை