சூலிஸ் ஊற்றில் போட்ட இரண்டு தகடுகள்

என் கண்ணான பெலாட்டோருக்கு அம்மா எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அந்த ஆற்றங்கரைப் பாளையத்தில் நீயும் உன்னோடு காவல் நிற்கும் பிள்ளைகளும் இருமல் சளி இல்லாமல் இருக்க சூலிஸ் தேவியை வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ அனுப்பிய நீலக்கரைப் போர்வை போய்விட்டது. வெந்நீர்க் குளத்துக்குப் போனவள், உடை மாற்றும் கூடத்து மாடத்தில் அதை மடித்து வைத்துவிட்டு இறங்கினேன், ஏறி வந்து பார்த்தால் மாடம் காலி. ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு வீடு வந்தேன். ஆத்திரத்தில், பொருளைக் களவு கொடுத்த எல்லோரையும் போல நானும் ஒரு ஈயத்தகடு வாங்கி, ஆணோ பெண்ணோ, அடிமையோ இல்லையோ, எடுத்தவர் கண்ணுக்குத் தூக்கம் வரக்கூடாது தாயே என்று கீறி, சுருட்டி தேவியின் ஊற்றில் போட்டேன்.

ஒன்பதாம் நாள் மழைக்கு ஒதுங்கி, குளியல் மண்டபத்துக்குப் பின்னால் உலைச் சுவர் ஓரம் போனேன். குளிக்க வருகிற பெண்களுக்கு எண்ணெய் தடவி வழித்துவிடும் லவர்னிஸ்கா, புருஷனைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள், சூடான சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிறந்து இருபது நாள்கூட ஆகாத பெண்குழந்தை, அதைச் சுற்றி நம் போர்வை. என்னைப் பார்த்ததும் அவிழ்க்க ஆரம்பித்தாள். "எடுத்துக்குங்கம்மா, இவளுக்குக் குளிர் தாங்கல, அதான் கை நீண்டுருச்சு. ஒம்பது நாளா விடிய விடிய அழுவுறா, நான் கண்ணை மூடவே இல்ல" என்றாள். நான் கீறியது இவர்கள்மேல்தான் பலித்திருக்கிறது. "அவுக்காதடி, சுத்து" என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன், அவள் உட்கார்ந்தபடியே சரிந்து தூங்கிப்போனாள்.

அவள் விழித்ததும் நேரே கோயிலுக்குப் போய், போட்ட தகட்டைத் திரும்ப எடுக்க முடியுமா என்று பூசாரியைக் கேட்டேன். "கொதிக்கிற ஊத்துக்குள்ள எவன் கைய விடுவான்? போடும்போது என்னைக் கேட்டா போட்ட?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு தகடு வாங்கி, களவு போகவில்லை தாயே, நானே கொடுத்ததுதான், வயசாகிவிட்டதால் மறந்துவிட்டேன் என்று கீறிப் போட்டேன். அன்றிலிருந்து மத்தியானத்தில் குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், அவள் உறங்குகிறாள். அழுகை குறைந்திருக்கிறது, தகட்டாலா, என் மடிச்சூட்டாலா, தெரியவில்லை.

தோல் வியாபாரியிடம் இரண்டு ஜோடி காலுறை கொடுத்தனுப்புகிறேன், ஈரக்காலில் மாட்டாதே. எந்த வாளும் உன்மேல் படாமல் நீ நூறு வயசு இருக்க வேண்டும். மறக்காமல் ஒன்று செய். அங்கே சாமிக்குப் படைக்கும்போது, அந்தப் போர்வையை லவர்னிஸ்காவுக்கு அம்மாதான் கொடுத்தாள் என்று நீயும் ஒரு வார்த்தை சொல்லிவை. நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் சாமிகள் நம்பும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
செனோவாரா